சென்னைத் தொழிலாளர் சங்கம்

சென்னைத் தொழிலாளர் சங்கம், இந்தியாவில் முறைப்படி அமைந்த முதல் தொழிற்சங்கமாகப் பெரும்பாலும் கருதப்படுவது. 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் தோன்றியது. பி.பி. வாடியா அதன் தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவர்.

பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகளுக்கு அருகே வணிகம் செய்துவந்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் ஒரு பக்தி சபை நடத்தினர். அங்கு வந்த தொழிலாளர்கள் சொல்லி அழுத குறைகளிலிருந்தே சங்கம் பிறந்தது. அவற்றுள் முதன்மையானது, பகல் உணவுக்குக் கிடைத்த அரை மணி நேரம். ஆயிரக்கணக்கானோர் ஆலையிலிருந்து வெளியேறி, கைகழுவி, உண்டு, மீண்டும் தறிமுன் நிற்க அதுவே மொத்த அவகாசம். நிதானமாகச் சாப்பிட வேண்டும் என்ற கோரிக்கைக்குக்கூட ஒரு சங்கம் தேவைப்பட்டது.

1920 இறுதியில் கதவடைப்பின்போது போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அந்த ஆலைகளை நடத்திய பின்னி நிர்வாகம் வாடியா உள்ளிட்டோர் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடை உத்தரவு பெற்றது. வேலைநிறுத்தம் செய்யச் சொன்னால், அது ஒப்பந்தத்தை மீறத் தூண்டிய குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது. வாடியா சங்கத்திலிருந்து விலகிய பிறகே வழக்கு முடிவுக்கு வந்தது. 1921 வேலைநிறுத்தம் சாதிப் பிளவால் உடைந்து, புளியந்தோப்புக் கலவரத்தில் போய் முடிந்தது. சங்க வரலாற்றின் மிகத் துயரமான பக்கம் இதுவே.

ஆனால் வாடியா மீதான அந்த வழக்கு வீண்போகவில்லை. சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமென்று தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி மத்திய சட்டமன்றத்தில் 1921-இல் தீர்மானம் கொண்டுவந்தார். 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. அதன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம் என்றானது; தொழில் தகராறில் ஒப்பந்தத்தை மீறத் தூண்டியது என்ற காரணத்தை மட்டும் காட்டிப் பதிவு பெற்ற சங்கத்தின் மீது உரிமையியல் வழக்குத் தொடுக்க முடியாது என்றும் ஆனது.

பின்னி ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன. அதோடு சங்கங்களின் காலமும் முடிந்தது என்பாருண்டு. ஆனால் 12 மணி நேர வேலைக்கு வழிவகுத்த சட்டத் திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒருமித்து எதிர்த்ததால் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்தது. அவர்களின் முதன்மைக் கோரிக்கை ஊதியம் அல்ல, சங்கத்துக்கு அங்கீகாரம். சங்கத்தைப் பதிவு செய்யும், 1926-இல் சட்டமான உரிமைக்குக்கூட அவர்கள் உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. சங்கம் பதிவானது 2025 ஜனவரியில்தான்.