பட்டம் வந்த வழியும் ஈமான் வந்த வழியும்

ஆங்கில நாட்டின் பரம்பரைப் பிரபுப் பட்டங்கள் பெரும்பாலும் ஒரே வழியில் செல்பவை. அரசர் ஒருவருக்குப் பட்டம் அளிக்கிறார். அவருக்குப் பின் மூத்த மகன். அவருக்குப் பின் அவருடைய மூத்த மகன். மகன் இல்லையேல் அடுத்த சகோதரன். இவ்வாறு ஆண்வழியே அது இறங்கிச் செல்லும். பெறுகிறவர் கற்றவரா கல்லாதவரா, நல்லவரா அல்லாதவரா என்று பட்டம் கேட்பதில்லை. பிறப்பு ஒன்றையே அது கேட்கும்.

1869ஆம் ஆண்டில் இத்தகைய பட்டமொன்று தன் வழியே வந்து ஒரு முஸ்லிமைச் சேர்ந்தது. ஆங்கிலப் பாராளுமன்றத்தின் பிரபுக்கள் சபையில் முதன்முதலாக ஒரு முஸ்லிம் இடம்பெற்றது அவ்வாறுதான். அவர் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர் அல்லர். ஆங்கில வரலாற்றில் ஆழ வேரோடிய குடும்பமொன்றின் மூத்த மகன். அவர் பெயர் ஹென்றி எட்வர்டு ஜான் ஸ்டான்லி. அவர் வகித்த பட்டம், ஆல்டர்லியின் ஸ்டான்லி பிரபு என்பது. அப்பட்டத்தின் கதையும் அக்குடும்பத்தின் கதையும் நம்மவர் அறிந்துகொள்ள வேண்டியவை.

ஸ்டான்லி குடும்பத்தின் பெயர் ஆங்கில வரலாற்றில் ஓங்கி ஒலித்தது 1485ஆம் ஆண்டில். போஸ்வொர்த் போர்க்களத்தில் மூன்றாம் ரிச்சர்டு மன்னர் மாண்டார். வென்ற ஹென்றி டியூடரின் தலையில் முடியை எடுத்து வைத்தவர் தாமஸ் ஸ்டான்லி என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. புதிய மன்னரின் தாயை மணந்திருந்தவர் அவர். நன்றிக் கடனாக டெர்பி ஏர்ல் என்னும் உயர்ந்த பட்டம் அவருக்குக் கிடைத்தது. அந்தக் கிளையில் பிற்காலத்தில் ஒரு பிரதம மந்திரியும் தோன்றினார். தாமஸின் இளைய சகோதரர் ஒருவர் வழியாகச் செஷயர் மாவட்டத்தில் கிளைத்ததே ஆல்டர்லிக் குடும்பம்.

அண்ணன் கிளைக்கு ஒரு போர் முடிந்தவுடனே கிடைத்த உயர்வு, தம்பி கிளைக்கு வந்து சேர நூற்றாண்டுகள் பிடித்தன. 1660இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் அரியணை திரும்பிய ஆண்டில், ஆல்டர்லியின் தாமஸ் ஸ்டான்லிக்குப் பாரனட் பட்டம் தரப்பட்டது. பாரனட் என்பது பெயருக்கு முன்னால் 'சர்' என்று போட்டுக்கொள்ளும் உரிமையைத் தந்தது, மகனுக்கும் இறங்கியது. ஆனால் பிரபுக்கள் சபையில் இருக்கை தராது. அந்த இருக்கைக்கு ட்யூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுண்ட், பாரன் என்ற ஐந்து படிகளில் ஒன்றில் ஏற வேண்டும். ஏழாவது பாரனட்டான சர் ஜான் தாமஸ் ஸ்டான்லி, 1839ஆம் ஆண்டு மே மாதத்தில், விக்டோரியா மகாராணியின் ஆட்சியில் அவற்றுள் கடைசிப் படியான பாரன் பட்டத்தைப் பெற்றார். நாம் பேசும் பட்டத்தின் முதல்வர் அவரே.

அவர் அறிவு வேட்கை மிக்கவர். 1789இல், இருபத்திரண்டு வயதில், கப்பல் ஒன்றில் ஐஸ்லாந்து வரை சென்று அங்குள்ள வெந்நீர் ஊற்றுகளை ஆராய்ந்து வந்தவர். அவர் மணந்த மரியா ஜோசஃபா, வரலாற்றறிஞர் கிப்பனின் உற்ற நண்பரான ஷெஃபீல்டு பிரபுவின் மகள். இந்தத் திருமணத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஒரு நூற்றாண்டுக்குப் பின் இதன் வழியே இன்னொரு பட்டம் இக்குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது.

இரண்டாம் பிரபுவான எட்வர்டு ஜான் ஸ்டான்லி அரசியல்வாதி. வர்த்தக அமைச்சராகவும், 1860 முதல் 1866 வரை தபால் துறைத் தலைவராகவும் இருந்தார். அவருடைய மனைவி ஹென்றியட்டா மரியா பெண் கல்விக்காகப் பாடுபட்டவர். கேம்பிரிட்ஜில் பெண்களுக்கென எழுந்த கர்ட்டன் கல்லூரி நிலைபெற உழைத்தவர்களுள் ஒருவர். இத்தம்பதியரின் பிள்ளைகளைப் பார்த்தால், ஒரே கூரையின் கீழ் இத்தனை வகையான உள்ளங்கள் எவ்வாறு வளர்ந்தன என்று வியப்பே மேலிடும். மூத்தவர் ஹென்றி முஸ்லிமானார். லயல்ஃப் எந்தச் சமயத்தையும் ஏற்காத சுதந்திரச் சிந்தனையாளர். அல்ஜெர்னன் கத்தோலிக்கராகிப் பின்னர் ஆயராகவும் உயர்ந்தார். மகள் ரோசலிண்ட் கார்லைல் ஏர்லின் மனைவியாகி, மதுவிலக்கு இயக்கத்தின் தலைவியாக விளங்கினார். மற்றொரு மகள் மாட், உழைக்கும் இளம்பெண்களுக்கான சங்கங்களை அமைத்தார். இன்னொரு மகள் கேட்டின் மைந்தரே உலகறிந்த தத்துவ அறிஞர் பெர்ட்ரண்டு ரஸ்ஸல். மகள் பிளான்ச்சின் பேத்தி கிளமென்டைன், வின்ஸ்டன் சர்ச்சிலின் மனைவியானார்.

மூத்தவரிடம் வருவோம். ஹென்றி ஸ்டான்லி 1827இல் பிறந்தார். கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் அரபு மொழி பயின்றார். 1847இல் வெளிநாட்டு அமைச்சகத்தில் சேர்ந்து, 1851 முதல் கான்ஸ்டான்டிநோபிளில் ஆங்கிலத் தூதரகத்தில் பணியாற்றினார். பின்னர் ஏதென்ஸ் நகருக்கு மாற்றப்பட்டார். உதுமானியப் பேரரசின் மக்களைத் தூதரகத்தின் சாளரம் வழியாக மட்டும் பார்த்து எழுதிய அதிகாரிகள் பலர். இவரோ அவர்களுடைய மொழியைக் கற்றார். அவர்களுடைய நியாயங்களைக் காது கொடுத்துக் கேட்டார். 1859இல் அரசுப் பணியை விட்டு விலகிக் கீழ்த்திசை நாடுகளில் பயணம் செய்தார். இக்காலத்தை ஒட்டியே இஸ்லாத்தைத் தழுவினார். 1862இல் ஃபாபியா என்னும் ஸ்பானியப் பெண்மணியை மணந்தார்.

மகன் முஸ்லிமானான் என்ற செய்தி அக்குடும்பத்துக்கு உவப்பாக இல்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் மூத்த மகன் மூத்த மகனே. 1869இல் தந்தை மறைந்ததும் பட்டமும் ஆல்டர்லிப் பண்ணையும் ஹென்றியிடம் வந்தன. காலமும் அவருக்கு வழி திறந்து வைத்திருந்தது. உண்மையான கிறிஸ்தவ நம்பிக்கையின் பேரில் உறுதி கூறுகிறேன் என்று சொன்னால்தான் பாராளுமன்றத்தில் அமரலாம் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. யூதர்களின் நீண்ட போராட்டத்தினால் 1858இல் அது தளர்ந்தது. 1866இல் அனைவருக்கும் பொதுவான உறுதிமொழி ஒன்று சட்டமாயிற்று. அதற்கு மூன்றாண்டுகளுக்குப் பின் முஸ்லிம் பிரபு சபைக்குள் வந்தார். யூதர் ஒருவர் பிரபுவாக அச்சபைக்கு வந்தது 1885இல்தான். பிறர் போராடித் திறந்த வாயில் நமக்கும் பயன்படும் என்பதற்கு இது சான்று.

வந்த இருக்கையை ஸ்டான்லி பிரபு அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளவில்லை. செவிப்புலன் மங்கியிருந்தும் சபையில் அடிக்கடி எழுந்து பேசினார். இந்தியாவின் குறைகளை அங்கே எடுத்துரைத்தார். மலாய் நாடான பேராக்கில் ஆங்கில ஆட்சியாளர் தலையிட்ட முறையைக் கேள்விக்கு உட்படுத்தினார். கீழ்த்திசை மக்களிடம் மேற்கு நாடுகள் நீதியாக நடந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கொள்கை.

தம் சொந்த நிலத்திலும் அவர் கொள்கையைக் கடைப்பிடித்தார். தம் பண்ணைக்கு உட்பட்ட நெதர் ஆல்டர்லி ஊரில் மதுக்கடைகளை மூடச் செய்தார். அண்ணன் இஸ்லாத்தின் பேரால் மதுவை விலக்கினார்; தங்கை ரோசலிண்டும் தம் கணவரின் நிலங்களில் மதுவை எதிர்த்து நின்றார். சமயத்தில் வேறுபட்டவர்கள் இந்த ஒரு தீமையை எதிர்ப்பதில் ஒன்றுபட்டார்கள்.

வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சி தீவிலும் இக்குடும்பத்துக்கு நிலங்கள் இருந்தன. அங்கே கடலோரத்தில் உள்ள லான்பாட்ரிக் என்னும் பழைய தேவாலயம் பழுதுற்றிருந்தது. 1884இல் அதனைப் புதுப்பிக்கும் செலவை ஏற்றவர் முஸ்லிமான இப்பிரபுவே. அதன் உட்சுவரில் நீலநிற ஓடுகளும், சாளரங்களில் வடிவகணிதக் கோலங்களும் இடம்பெற்றன. இஸ்லாமியக் கலையின் சாயல் கொண்ட அந்தத் தேவாலயம் இன்றும் வழிபாட்டுத் தலமாக நிற்கிறது. நிலத்தின் உடைமையாளர் என்ற முறையில் குடிமக்களுக்குச் செய்ய வேண்டிய கடமையைச் செய்தார். அதில் தம் உள்ளத்தின் நிறத்தையும் சிறிது பதித்து வைத்தார்.

அவருடைய இன்னொரு பணி தமிழகத்து முஸ்லிம்களை நேராகவே தொடுகிறது. பழைய கடற்பயண நூல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டு வந்த ஹக்லூயித் சங்கத்துக்காக அவர் பல நூல்களை மொழிபெயர்த்தார். வாஸ்கோ ட காமாவின் பயணங்கள், மெகல்லனின் உலகச் சுற்றுப் பயணம், பிலிப்பைன் தீவுகளைப் பற்றிய மோர்காவின் நூல் ஆகியவை அவற்றுள் அடங்கும். 1866இல் வெளிவந்தது துவார்த்தே பர்போசா என்னும் போர்த்துக்கீசியரின் நூல். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்கா முதல் மலபார் வரையிலும் அதற்கு அப்பாலும் இருந்த துறைமுகங்களை அது விவரிக்கிறது. பார்சிலோனா நூலகத்திலிருந்த ஸ்பானியக் கையெழுத்துப் படியிலிருந்து ஸ்டான்லி அதனை ஆங்கிலமாக்கினார்.

அந்நூலில் நமது காயல் வருகிறது. முத்துக் குளிப்பின் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த செல்வாக்கு மிக்க முஸ்லிம் ஒருவர் அங்கிருந்தார் என்றும், நாட்டு மக்கள் அவரை அரசருக்கு நிகராக மதித்தார்கள் என்றும், முஸ்லிம்களின் வழக்குகளை அவரே தீர்த்துவைத்தார் என்றும் பர்போசா எழுதியிருக்கிறார். சோழமண்டலக் கடற்கரை முஸ்லிம்களின் வரலாற்றை ஆராய்கிறவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் சான்று இது. அதனை ஆங்கில உலகம் படிக்கக் கொடுத்தவர் செஷயர் மாவட்டத்து முஸ்லிம் ஒருவர் என்பதை அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்?

ஹென்றியட்டா அம்மையார் முதுமையில் லண்டனில் தம் இல்லத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளைக் கூட்டி விருந்து வைப்பது வழக்கம். சமயம், அரசியல் எதைத் தொட்டாலும் அங்கே வாதம் மூளும். ஒரு மகன் முஸ்லிம், ஒரு மகன் கத்தோலிக்கர், ஒரு மகன் எதையும் நம்பாதவர். சிறுவனாக அந்த மேசையில் அமர்ந்திருந்த பெர்ட்ரண்டு ரஸ்ஸல், பிற்காலத்தில் தம் சுயசரிதையில் அக்காட்சியை நகைச்சுவை ததும்ப எழுதினார். வாதத்தில் கடுமை இருந்தது. ஆனால் அடுத்த ஞாயிறும் அதே மேசையில் அவர்கள் கூடினார்கள். கருத்து வேற்றுமை வந்தால் உறவையே அறுத்துக்கொள்ளும் குடும்பங்கள் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

1903ஆம் ஆண்டு டிசம்பரில், ரமலான் மாதத்தில் ஸ்டான்லி பிரபு காலமானார். முன்னோர்கள் துயிலும் தேவாலய வளாகத்தில் அவரை அடக்கவில்லை. அவர் விருப்பப்படியே ஆல்டர்லிப் பண்ணையின் தோட்டத்தில், இஸ்லாமிய முறைப்படி நல்லடக்கம் நடந்தது. உதுமானியத் தூதரகத்தின் இமாம் ஜனாஸாவை முன்னின்று நடத்தினார். லிவர்பூல் பள்ளிவாசலில் அப்துல்லாஹ் குவில்லியமும் அவருக்காகத் தொழுகை நடத்தினார்.

அவருக்கு மக்கள் இல்லை. ஆகவே பட்டம் அவருடைய சகோதரர் லயல்ஃபைச் சேர்ந்தது. முஸ்லிமிடமிருந்து சமய நம்பிக்கையற்றவருக்கு எந்தத் தடையுமின்றி அது சென்றது. 1909இல் அவருக்கு மற்றொரு பட்டமும் வந்தது. பாட்டியார் மரியா ஜோசஃபாவின் தந்தை, தமக்கு ஆண்வழி அற்றுப்போனால் மகள்வழிப் பேரர்களுக்குச் செல்லலாம் என்ற நிபந்தனையுடன் ஷெஃபீல்டு பாரன் பட்டத்தை 1783இல் பெற்றிருந்தார். அவ்வழியின் கடைசி ஏர்ல் வாரிசின்றி இறந்ததும் அப்பட்டம் லயல்ஃபிடம் வந்தது. அந்தக் கடைசி ஏர்ல்தான் ஆஸ்திரேலியக் கிரிக்கெட்டுக்கு 150 பவுன் வழங்கியவர். ஷெஃபீல்டு கேடயம் அவர் பெயரால் வழங்கும் போட்டியாகும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மகள்வழியே பட்டம் இறங்குவதற்கு அரசரிடம் தனி நிபந்தனை வாங்க வேண்டியிருந்தது. அப்போதும் மகளுக்கன்று, அவள் வயிற்றுப் பேரனுக்கே அது வந்தது. பண்ணையும் பொதுவாக மூத்த மகனுக்கே சேர்ந்தது. பரம்பரைச் சொத்து சிதறாமல் ஒரே கையில் நிற்க ஆங்கிலேயர் கண்ட வழி இது. இஸ்லாமிய வாரிசுரிமையோ மகனுக்கும் மகளுக்கும், தாய்க்கும் மனைவிக்கும் பங்கு வகுத்துவிட்டது. ஒரு குடும்பத்தின் பெருமையைக் காக்க மற்றப் பிள்ளைகளை வெறுங்கையராக்கும் முறைக்கு அங்கு இடமில்லை.

அவ்வாறு காத்த பண்ணையும் நிலைக்கவில்லை. ஐந்தாம் பிரபு ஆர்தர், 1914 முதல் 1920 வரை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில ஆளுநராக இருந்தவர். அவருக்குப் பின், மரண வரியின் பாரம் தாங்காமல் 1938இல் ஆல்டர்லிப் பண்ணை விற்கப்பட்டது. 1950இல் அங்கே இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் குடிபுகுந்து மருந்து ஆய்வுக்கூடங்களை எழுப்பியது. இருதய நோயாளிகளுக்கு உதவும் ப்ரொப்ரனலால் என்னும் மருந்தை ஜேம்ஸ் பிளாக் உருவாக்கியதும் அவ்வாய்வுக்கூடத்திலேயே. 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மார்புப் புற்றுநோய்க்கான தமோக்ஸிஃபென்னும் அங்கிருந்தே வந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரைப் பிரபுக்களுள் 92 பேரை மட்டும் விட்டு, ஏனையோரைச் சபையிலிருந்து விலக்கியது. ஸ்டான்லி பட்டம் இன்றும் ஒருவரின் பெயரோடு ஒட்டி வாழ்கிறது. அதனோடு வந்த பண்ணையும் இருக்கையும் போய்விட்டன.

பட்டத்தின் வரிசையில் ஹென்றி ஸ்டான்லி மூன்றாமவர். அந்த எண்ணை அவருக்கு அளித்தது பிறப்பு. ஈமானையோ அவர் படித்து, பயணம் செய்து, சிந்தித்துத் தாமே தேடிக்கொண்டார். அதனைத் தந்தையிடமிருந்து பெறவும் இயலவில்லை. தம்பிக்கு விட்டுச் செல்லவும் இயலவில்லை. முஸ்லிம் குடும்பங்களில் பிறந்த நம் பிள்ளைகளும் இதனை உணர வேண்டும். பெயரும் குலமும் பெற்றோர் தரலாம். கொள்கையை ஒவ்வொருவரும் தம் உள்ளத்தில் தாமே நிலைநாட்டிக்கொள்ள வேண்டும்.