அத்தையிடம் யாரும் கேட்கவில்லை: கல்லீரல் மாற்று சிகிச்சையின் கதை

(எபிசோடின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த எபிசோடை எங்க வீட்டு ஹாலில் இருந்து தொடங்குறேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி என் மாமாவுக்குக் கல்லீரல் செயலிழந்துபோச்சு. குடிப்பழக்கம் கிடையாது. சர்க்கரை, உடம்பு எடை, கொழுப்புக் கல்லீரல். "மாற்று அறுவை சிகிச்சைதான் வழி, வீட்டில் ஒருத்தர் கொடுக்கணும்" என்று டாக்டர்கள் சொன்ன அன்று, சொந்தக்காரங்க எல்லாரும் உட்கார்ந்து பேசினாங்க. மகனை ஸ்கேன் பண்ணிப் பார்த்தால், அவனுக்கே கொழுப்புக் கல்லீரல். மகளுக்கு வரன் பார்த்துக்கிட்டிருந்தாங்க. "அப்போ அவதான்" என்றார் ஒரு பெரியவர். அந்த நேரம் அத்தை உள்ளே எல்லாருக்கும் காபி கலந்துகொண்டிருந்தார்.

ரெண்டு பேரும் இன்னைக்கு நல்லா இருக்காங்க. ஆனா அந்த "அவதான்" என் மனசை விட்டுப் போகவே இல்லை. அது எங்கிருந்து வந்ததுன்னு தேடப் போய்தான் இந்த வரலாறு கிடைச்சது.

குழந்தைகளில் தொடங்கியது

1963 மார்ச் 1. அமெரிக்காவின் டென்வர் நகரம். தாமஸ் ஸ்டார்ஸல் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், மூன்று வயதுப் பையன் ஒருவனுக்குக் கல்லீரல் மாற்ற முயன்றார். பிறவியிலேயே பித்தநாளம் அடைபட்ட குழந்தை. ரத்தப்போக்கை நிறுத்த முடியவில்லை. ஆபரேஷன் மேசையிலேயே குழந்தை இறந்துபோனது. அடுத்து செய்த சில முயற்சிகளிலும் யாரும் ஒரு மாதம் தாண்டவில்லை. ஸ்டார்ஸல் நிறுத்திக்கொண்டார்.

மறுபடி அவர் கத்தியை எடுத்தது 1967-ல். கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி இருந்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, ஒரு வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தது. அந்தக் காலத்தில் அதைத்தான் வெற்றி என்று சொன்னார்கள். நிலைமையை மாற்றியது சைக்ளோஸ்போரின் என்ற மருந்து. புது உறுப்பை உடம்பு எதிர்த்து அழிக்காமல் தடுக்கிற மருந்து அது. 1983-ல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. அதே வருஷம், இது இனி பரிசோதனை முயற்சி இல்லை, ஏற்கத்தக்க சிகிச்சைதான் என்று அந்நாட்டு நிபுணர் மாநாடும் சொன்னது.

உடனே அடுத்த சிக்கல். மூளைச்சாவு அடைந்த பெரியவர்களின் கல்லீரல் குழந்தை வயிற்றில் அடங்காது. சின்னக் கல்லீரல் கிடைப்பது அரிது. காத்திருந்தே குழந்தைகள் இறந்தார்கள்.

கல்லீரலுக்கு ஒரு குணம் உண்டு. வெட்டினாலும் வளரும். அப்படியானால், உயிரோடு இருக்கிற அம்மாவிடமிருந்தே ஒரு துண்டு எடுத்து வைத்தால்? 1988-ல் பிரேசிலில் முயன்றார்கள், குழந்தை பிழைக்கவில்லை. 1989 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரஸ்ஸல் ஸ்ட்ராங் வெற்றி கண்டார். ஜப்பானிலிருந்து வந்த ஒரு தாய் தன் மகனுக்குக் கொடுத்தது அது. அதே வருஷ இறுதியில் சிகாகோ.

சிகாகோவில் ஒன்றைக் கவனிங்க. ஆபரேஷன் செய்வதற்கு முன்னாடியே அந்தக் குழு, இது நியாயமா என்று விவாதித்து ஒரு மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டது. எந்த நோயும் இல்லாத ஒருவரின் வயிற்றைக் கிழிக்க டாக்டருக்கு என்ன உரிமை? தன் குழந்தை சாகக் கிடக்கும்போது ஒரு தாய் "முடியாது" என்று சொல்ல முடியுமா? இதையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் கத்தியைத் தொட்டார்கள்.

துண்டு பெரிதானபோது

குழந்தைக்கு, கொடுப்பவரின் கல்லீரலில் ஏறக்குறைய கால் பங்கு, இடது ஓரம் மட்டும் போதும். பெரியவருக்கு அது பத்தாது. வலது பாகம் முழுக்க வேணும், ஏறக்குறைய அறுபது சதவீதம். 90-களில் ஜப்பானிலும் ஹாங்காங்கிலும் இதைச் சாதித்தார்கள். ஜப்பானுக்கு வேற வழியும் இல்லை. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு எடுக்க அங்கே சட்டம் வந்ததே 1997-ல்தான்.

குழந்தைக்காகக் கண்டுபிடித்த வழி இப்படித்தான் பெரியவர்களுக்கு வந்தது. கூடவே கொடுப்பவரின் ஆபத்தும் கூடியது. வலது பாகம் கொடுப்பவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு முதல் ஐந்து பேர் வரை இறக்கலாம் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. எண்ணிக்கை சின்னதுதான். ஆனா அந்த ஆள் எந்த நோயும் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குள் நடந்து போனவர்.

இந்தியா

நம்ம நாட்டில் உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-ல் வந்தது. சிறுநீரக வியாபாரத்தைத் தடுப்பதும், மூளைச்சாவை மரணமாக ஏற்பதும் அதன் நோக்கம். 1998 நவம்பரில் டெல்லி அப்பல்லோவில், தமிழ்நாட்டிலிருந்து போன, இரண்டு வயது நிரம்பாத குழந்தை ஒன்றுக்கு நாட்டின் முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்று நடந்தது. கொடுத்தவர் அப்பா. இங்கேயும் கதை ஒரு குழந்தையில்தான் தொடங்கியது.

2008-ல் தமிழ்நாட்டில் ஒரு மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் பதின்வயது மகனின் உறுப்புகளைக் கொடுத்ததை உங்க வீட்டுப் பெரியவங்க மறந்திருக்க மாட்டாங்க. அதன் பிறகு இங்கே உறுப்பு தானம் வேகம் பிடித்தது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கல்லீரல் மாற்று நடக்கிறது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் அதற்குப் பணம் கொடுக்கிறது. 2023 முதல், உறுப்பு கொடுத்தவரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கிறது.

நாடு முழுக்கப் பார்த்தால்? 2023-ல் சுமார் 4,500 கல்லீரல் மாற்றுகள். அமெரிக்காவில் அதே வருஷம் பத்தாயிரத்துக்கு மேல், அதில் குழந்தைகளுக்கு ஐந்நூறு போல. அங்கே பெரும்பாலான கல்லீரல் இறந்தவர்களிடமிருந்து வருகிறது. இங்கே தலைகீழ். பெரும் பங்கு, உயிரோடு இருக்கும் உறவினர் கொடுத்தது. இறந்தபின் உறுப்பு கொடுத்தவர்கள் நாடு முழுக்க 1,099 பேர்தான். பத்து லட்சம் மக்களுக்கு ஒருவர்கூட இல்லை.

நோயும் மாறியிருக்கிறது. குழந்தைகளிடம் இன்னும் முதல் காரணம் பித்தநாள அடைப்புதான். பெரியவர்களிடம் மஞ்சள் காமாலை வைரஸ்கள் பின்னால் போய், மதுவும் கொழுப்புக் கல்லீரலும் முன்னால் வருகின்றன.

இப்போ எங்க ஹாலுக்குத் திரும்புறேன். 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த எல்லா உறுப்பு மாற்றுகளையும் சேர்த்துப் பார்த்தால், ஐந்தில் நான்கு ஆண்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது. 2023-ல் உயிரோடு உறுப்பு கொடுத்தவர்களில் அறுபது சதவீதத்துக்கும் மேல் பெண்கள். எங்க அத்தை மட்டும் இல்லை, ஊர் பூரா "அவதான்".

சட்டத்துக்கும் இது தெரியும். கொடுப்பவர் பெண் என்றால் கூடுதல் கவனம் வேண்டும், அவருடைய சுய சம்மதத்தை உறுப்பைப் பெறுபவர் அல்லாத வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்று 2014 விதிகளில் ஒரு வரி இருக்கிறது. அதாவது, தனி அறையில் "உங்களுக்கு விருப்பமா?" என்று ஒருத்தர் கேட்க வேண்டும்.

போன மாசம் அத்தையிடம் நானே கேட்டேன், இத்தனை வருஷம் கழித்து. "அன்னைக்குக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரின்னுதான் சொல்லியிருப்பேன்டா. ஆனா நான் சொல்லியிருப்பேன்" என்றார்.

உங்களுக்கு ரெண்டு விஷயம். பிறந்த குழந்தைக்கு இரண்டு வாரத்துக்கு மேலும் கண் மஞ்சளாக இருந்து, மலம் வெளுத்துப் போனால், உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்க. இரண்டு மாதத்துக்குள் செய்யும் ஆபரேஷன்தான் அதிகம் பலன் தருகிறது. ரெண்டாவது, நீங்க இறந்தபின் உறுப்பு தானம் செய்ய விரும்பினால், அதை இன்னைக்கே வீட்டில் சத்தமாகச் சொல்லி வைங்க. கடைசியில் டாக்டர்கள் சம்மதம் கேட்கப்போவது அவங்களிடம்தான். இறந்தவர்களிடமிருந்து கிடைக்கிற ஒவ்வொரு கல்லீரலும், ஏதோ ஒரு வீட்டு ஹாலில் "அவதான்" என்ற பேச்சே எழாமல் செய்யும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.