வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த சீரம்

எங்க உறுவையாறு பக்கத்தில் இன்னமும் எய்ட்ஸ் என்றால் "அந்த மாதிரி ஆளுங்களுக்கு வர்றது" என்பார்கள். இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தேடினால் 1986-ஆம் ஆண்டு சென்னையில் போய் நிற்கிறது.

மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமன் தன் மாணவி நிர்மலாவுக்கு ஆய்வுத் தலைப்பாக எய்ட்ஸைக் கொடுத்தார். அது வெளிநாட்டு நோய், இங்கே கிடையாது என்று எல்லாரும் நம்பிய நேரம். நிர்மலாவுக்கே தயக்கம்தான். பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்ட பெண்களை வைத்திருந்த அரசுக் காப்பகத்துக்குக் கணவரின் ஸ்கூட்டரில் போய் ரத்தம் எடுத்தார். கையுறைகூட இல்லை. பிரித்த சீரத்தை வைத்தது வீட்டு ஃபிரிட்ஜில்! சென்னையில் பரிசோதனை வசதி இல்லாததால், இரவு ரயிலில் காட்பாடி போய் வேலூர் சி.எம்.சி.யில் கொடுத்தார்கள். எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகளில் ஆறில் எச்.ஐ.வி. அமெரிக்காவில் செய்த மறுபரிசோதனையும் அதை உறுதி செய்தது. மே மாதம் சட்டமன்றத்தில் சுகாதார அமைச்சர் ஹண்டே அறிவித்தார்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு உறுத்துகிறது. அந்தப் பெண்களுக்குக் கிருமி வானத்திலிருந்து விழவில்லை, வந்துபோன ஆண்கள் கொடுத்தது. அந்த ஆண்கள் சாதாரணமாக வீட்டுக்குப் போய்விட்டார்கள், மனைவியிடம். கிருமி இருப்பதாகத் தெரிந்த பெண்களை மட்டும் காப்பகத்திலேயே அடைத்து வைத்தார்கள். பத்திரிகையாளர் ஷ்யாமளா நடராஜ் வழக்குப் போட்டு, 1990-ல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் விடுதலை. பூட்டினால் நோய் நிற்கும் என்ற கணக்கு தப்பு. பின்னால் சுனிதி சாலமனின் மையத்துக்கு வந்தவர்களில் கணவனைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்கள் எத்தனையோ பேர்.

கிருமி போகும் வழி கொஞ்சம்தான்: ஆணுறை இல்லாத உடலுறவு, கிருமியுள்ள ரத்தம், பகிர்ந்த ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு (கர்ப்பத்தில், பிரசவத்தில், தாய்ப்பாலில்). கொசு, எச்சில், ஒரே தட்டில் சாப்பாடு, இதெல்லாம் கிடையாது. ஆணுறை நமக்குப் புதுசும் இல்லை. 1968-லேயே அரசு நிரோத் விற்றது. ஆனா அது "குழந்தை வேண்டாம்"னு சொல்ற சாமான் என்றே மனசில் பதிந்துவிட்டது. அதனால் கருத்தடை ஆபரேஷன் ஆன வீட்டில் அதுக்கு வேலை இல்லைனு நினைப்பு. ஆபரேஷன் கருவைத்தான் தடுக்கும், கிருமியை இல்லை.

2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமானது, தாம்பரம் முதல் சில இடங்களில் ஒன்று. 2011-ல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வில் சென்னைத் தம்பதிகளும் இருந்தார்கள். சீக்கிரமே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்தது. தினமும் மருந்து எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்றால், உடலுறவில் பரவாது என்று இப்போது மருத்துவ உலகம் உறுதியாகச் சொல்கிறது.

ஆபத்தான தொடர்பு நடந்துவிட்டதென்றால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அடுத்த நாளே டெஸ்ட் எடுத்து "இல்லை"னு வந்தா நிம்மதியாகிவிட வேண்டாம், சில வாரம் கழித்துத் திரும்பவும் பார்க்கணும். அரசு மையங்களில் பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. கூச்சமா இருந்தா முதலில் 1097-க்குப் போன் போடுங்க, பேர் சொல்லணும்னு இல்லை.