கிழக்கிலங்கையின் வாவியும் வயலும்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே பொத்துவில் நோக்கிச் செல்லும் வழியிற் பல இடங்களில், ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக, இடையே ஒடுங்கிய மணல்நிலம் அமைந்துள்ளது. பண்டைய குடியிருப்புகள் பல அம்மணல்மேட்டிலேயே எழுந்தன. பொத்துவிலுக்கு வடக்கேயுள்ள கோமாரியும் கடலையும் களப்பையும் அடுத்து வாழும் ஊரேயாம். இவ்வாவிகளுட் பெரியதாகிய மட்டக்களப்பு வாவி 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு, கல்முனைப் பகுதியை எட்டுகின்றது.

இந்நீர்நிலை வரலாற்றிலும் இடம்பெற்றது. 1628 இற் போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டை அமைத்தபோது வாவியே அதற்கு அகழியாயிற்று. எனினும், 1638 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், போர்த்துக்கேயரால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் இக்கரையிலே குடியேற்றினான். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்ந்து, மேற்கே வயலிலும், வாவியிலும் கடலிலும் தொழில் செய்வாராயினர். கரையோரக் கண்டலும் தில்லையும் மீன்குஞ்சுகளுக்குப் புகலிடமாயின, பன்புல் பாயாயிற்று.

இவ்வாழ்வு அனைத்தும் ஒரு மணற்றிட்டைப் பொறுத்தது. கோடையில் அலைகள் ஒதுக்கும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடைக்காற்றோடு வரும் பெருமழை வாவியை நிறைக்கும். அப்பொழுது கிட்டங்கித் தாம்போதி நீரில் மூழ்கிக் கல்முனைக்கும் மேற்கரை ஊர்களுக்கும் இடையே போக்குவரத்துத் தடைப்படும். தாழ்ந்த வட்டைகளில் இளம் பயிர் அழுகத் தொடங்கும். முகத்துவாரத்தை உடனே வெட்டிவிட வேண்டும் என்பது வேளாண்மை செய்வோர் கோரிக்கை.

மீனவர் நோக்கு வேறு. கடலிற் பிறந்த இறாற்குஞ்சுகள் முகத்துவாரம் வழியே புகுந்து வாவியில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் கடல் சேர்வன. ஆதலின் வாயில் திறத்தல் மீனவர்க்கும் இன்றியமையாதது. ஆயினும் காலந்தவறி வெட்டின் நீர் ஒருங்கே வடிந்து, வளராத மீனும் இறாலும் கடலுக்குப் போய்விடும். வாவியின் உவர்ப்பும் மாறும். ஒருவர்க்கு உயிர்காக்கும் வெட்டு மற்றவர்க்கு இழப்பாவது இவ்வாறேயாம். அதனால் வெட்டும் நாளைக் குறித்தல் இரு தொழிலாரும் அரச அதிகாரிகளும் கூடி ஆராயும் பொதுக் காரியமாயிற்று.

1949 இல் பட்டிப்பளை ஆற்றை மறிக்கத் தொடங்கிய கல்லோயாத் திட்டம் நெல்வயலைப் பெருக்கியது. அதனோடு வடிநீரின் சிக்கலையும் பெருக்கியது. 2004 திசெம்பர் 26 இல் வந்த ஆழிப்பேரலை இம்மணல்நிலத்தின் மெலிவை உலகறியச் செய்தது.

வயலின் நலம் ஒன்றையே கருதி நீர்நிலையை நீக்கிய நாடும் உண்டு. கிரேக்க தேசத்தின் பியோத்தியா மாநிலத்துக் கொப்பாயிஸ் ஏரி, விலாங்குமீனுக்குப் பெயர்பெற்றது. கி.மு. 425 இல் அரிஸ்டோபனீஸ் அரங்கேற்றிய நாடகத்திலேயே அம்மீன் ஏதென்ஸ் மக்கள் ஏங்கிய உணவாகச் சொல்லப்படுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய வடிப்பு வேலை 1931 இல் முடிவுற்றது. ஏரி விளைநிலமாயிற்று, நிலம் பெருகியது உண்மை. ஆயினும் ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட மீன்தொழில் ஏரியோடு மறைந்தது.

கிழக்கிலங்கை வாவிகள் இன்னும் மறையவில்லை. அவற்றின் கரையை மண்ணிட்டு நிரப்புவதும், கண்டலை அழிப்பதும், கழிவைக் கொட்டுவதும் கொப்பாயிசின் வழியைச் சிறிது சிறிதாகப் பின்பற்றுவனவேயாம். நெல்லும் மீனும் ஒரே கலத்தில் உண்ணும் மக்கள், வாவிக்கும் வயலுக்கும் வழக்குத் தீர்க்கும்போது இரண்டையும் காக்கும் நாளையே தேர்தல் வேண்டும்.