சம்பளக்காரியா, மாணவியா?

இங்கிலாந்தில் நர்ஸிங் படிக்கும் பிள்ளைகளில் பலர், படிப்பு முடியும் முன்பே ஏதாவது மருத்துவமனையில் உதவியாளராக வேலை பார்க்கிறார்கள். பிள்ளையை அங்கே அனுப்பிய நம்மூர்ப் பெற்றோர் இதைக் கேட்டால், "படிக்கப் போனாயா, வேலைக்குப் போனாயா?" என்று கோபப்படலாம். இந்தக் கேள்விக்கு 160 வருஷத்துக்கு மேல் வயதாகிறது.

கிரிமியப் போருக்குப் பிறகு ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் மக்கள் திரட்டிய நிதியைக் கொண்டு, 1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். பயிற்சி ஓராண்டு. தங்குமிடம், சாப்பாடு, சீருடை, கைச்செலவுக்கு ஆண்டுக்கு 10 பவுண்டு. கற்றுக்கொள்வதும் வார்டில், உழைப்பதும் வார்டில். அதுவரை நோயாளியைப் பார்த்துக்கொள்வது கௌரவமான வேலையாகக் கருதப்படவில்லை. அதற்கு மதிப்பு வந்ததில் இந்தப் பள்ளிக்குப் பெரிய பங்கு உண்டு.

மற்ற மருத்துவமனைகளும் பள்ளி தொடங்கின. அப்போதுதான் நிர்வாகங்களுக்கு ஒரு வசதி தெரிந்தது. பள்ளி நடத்தினால் குறைந்த செலவில் ஆள் கிடைக்கும்! பெட்பேன் கழுவுவது முதல் இரவுக் காவல் வரை மாணவிகள் செய்தார்கள். டியூட்டி முடிந்து, கண்ணைச் சுழற்றும் தூக்கத்தோடு பாடம் கேட்டார்கள். 1919-இல் நர்ஸ்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. பாடத்திட்டமும் தேர்வும் வந்தன. ஆனாலும் வார்டின் ஆள்கணக்கில் மாணவிகள் தொடர்ந்து இருந்தார்கள்.

1948-இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியதும் ஆள் பற்றாக்குறை பெரிதானது. ஜமைக்கா, பார்படோஸ், பிறகு மலேசியா, மொரீஷியஸ் போன்ற நாடுகளிலிருந்து இளம்பெண்களைப் பயிற்சிக்கு வரவழைத்தார்கள். அங்கே இரண்டு வகைப் பயிற்சி இருந்தது. மூன்றாண்டு முடித்தால் பதிவு பெற்ற நர்ஸ். இரண்டாண்டு முடித்தால் அதற்கு ஒரு படி கீழே. வந்தவர்களில் பலரை, வித்தியாசம் என்னவென்று சரியாகச் சொல்லாமலே, இரண்டாண்டுப் பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள். அந்தத் தகுதிக்குப் பதவி உயர்வு அரிது. சொந்த நாட்டுக்குத் திரும்பினாலும் பல இடங்களில் அதற்கு மதிப்பில்லை. இளமையின் நல்ல வருஷங்களை அடுத்தவர் நாட்டு வார்டுகளில் கொடுத்தவர்களுக்குக் கிடைத்த பலன் அதுதான்.

மாணவிகளை வேலையாட்களாக நடத்தக் கூடாது என்று 1964-இல் ப்ளாட் குழு சொன்னது. உடனே எதுவும் மாறவில்லை. 1986-இல் 'ப்ராஜெக்ட் 2000' என்ற திட்டத்தை முன்வைத்து, 1989 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். மாணவர்கள் இனி வார்டின் ஆள்கணக்கில் வரமாட்டார்கள், கற்றுக்கொள்ளவே வருகிறார்கள் என்றானது. சம்பளம் போய் உதவித்தொகை வந்தது. வார்டில் காலியான இடத்துக்குச் சுகாதார உதவியாளர்கள் வந்தார்கள்.

2017-இல் இங்கிலாந்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்த உதவித்தொகையும் நின்று, கல்விக் கடன் வந்தது. 2020-இல் ஓரளவு உதவி திரும்பியது என்றாலும், லண்டனில் வாடகைக்கு அது எம்மாத்திரம்? ஆகவே வாரக் கடைசியில் உதவியாளர் ஷிஃப்ட். முன்வாசல் வழியாக வெளியேறிய பழைய ஏற்பாடு, இப்போது கொல்லைப்புறமாக உள்ளே வந்திருக்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. அன்று வார்டு உழைப்புதான் பயிற்சி. இன்று உதவியாளராகப் பார்க்கும் மணிநேரம் பயிற்சிக் கணக்கில் சேராது. திங்கட்கிழமை மாணவியாக, மேற்பார்வையில் மருந்து கொடுக்கக் கற்றவள், சனிக்கிழமை உதவியாளர் உடுப்பில் அதையே செய்யக் கூடாது. அவசரத்தில் யாராவது "உனக்குத்தான் தெரியுமே, கொடுத்துவிடு" என்றால், மறுக்கும் துணிவு இருபது வயதுப் பெண்ணுக்கு வேண்டும்.

நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பயந்தவரிடம் பேசுவது எல்லாம் கைப்பழக்கத்தில் வருபவை. அந்த வேலை ஒரு மாணவிக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் பாட நேரமும் தூக்கமும் போகும் அளவுக்கு ஷிஃப்ட் கூடினால், 1860-இன் பிள்ளைகள் பட்டதைத்தான் இவளும் படுவாள். பேத்தி வெளிநாட்டிலிருந்து போன் செய்து வேலை கிடைத்தது என்று சொன்னால், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, வாரத்துக்கு எத்தனை ஷிஃப்ட் என்றும் கேளுங்கள்.