ரத்த தானம்: பரிசோதனைக்குத் தப்பும் வைரஸ்

தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்கி, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள மண்டலப் புற்றுநோய் மையத்துக்குச் செல்வோரில் தென்தமிழக நோயாளிகளும் பலர். ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் பலருடைய ரத்தத்தை அடுத்தடுத்து ஏற்ற வேண்டியிருக்கும். அங்கு சிகிச்சை பெற்ற 9 வயதுச் சிறுமிக்கு எச்ஐவி தொற்று இருப்பது 2017-இல் தெரியவந்தது. பரிசோதனைகள் விதிப்படியே நடந்ததாக விசாரணைக் குழு தெரிவித்தது. விதிப்படி நடந்தும் தொற்று எவ்வாறு தப்புகிறது?

இந்தியாவில் தானமாகப் பெறும் ஒவ்வொரு அலகு ரத்தத்திலும் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகிய வைரஸ்களுக்கும், மேகநோய், மலேரியா ஆகியவற்றுக்கும் பரிசோதனை கட்டாயம். எச்ஐவி பரிசோதனை 1989-இலும், ஹெபடைடிஸ் சி பரிசோதனை 2001-இலும் கட்டாயமாயின. பணம் பெற்று ரத்தம் கொடுப்பது 1998 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது.

எச்ஐவி, ஹெபடைடிஸ் சி ஆகியவற்றைக் கண்டறியும் வழக்கமான எலைசா முறை, வைரஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்களையே முதன்மையாகத் தேடுகிறது. அவை உருவாகச் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் ரத்தம் கொடுப்பவருக்குத் தொற்று இல்லை என்றே முடிவு வரும். ஆனால் அவரது ரத்தம் பிறருக்கு நோயைக் கடத்தும். மருத்துவர்கள் இதனைச் சாளரக் காலம் என்கின்றனர். ஒரே கொடையிலிருந்து சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா ஆகியவை பிரிக்கப்படுவதால் பாதிப்பு ஒருவரோடு நிற்பதில்லை.

வைரஸின் மரபுப்பொருளையே தேடும் நாட் பரிசோதனை இந்த இடைவெளியைச் சுருக்குகிறது. எச்ஐவி-க்கு அது ஏறக்குறைய 10 நாள்களாகக் குறைகிறது, முற்றிலும் மறைவதில்லை. செலவு மிகுந்த இம்முறை நாடு முழுவதும் கட்டாயமாக்கப்படவில்லை.

எல்லாப் பிழைகளையும் சாளரக் காலத்தின் மீது சுமத்திவிடவும் இயலாது. 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு எச்ஐவி தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. அதைக் கொடுத்த இளைஞருக்கு 2016-இலேயே ரத்த தானத்தின்போது தொற்று கண்டறியப்பட்டிருந்தது. அத்தகவல் அவரைச் சென்றடையவில்லை. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் உண்மையை அறிந்த அவரே மருத்துவமனையை எச்சரித்தார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது.

தொற்று இருக்கிறதா என அறிவதற்காகவே ரத்த தானம் செய்வோரும் உண்டு. சாளரக் காலத்தில் இதுவே மிகவும் ஆபத்தானது. எச்ஐவி பரிசோதனையைத் தமிழகத்தில் நம்பிக்கை மையங்களிலும், கேரளத்தில் ஜோதிஸ் மையங்களிலும் இலவசமாகச் செய்துகொள்ளலாம். தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097.