எடைச் சீட்டு முதல் பணப் பட்டுவாடா வரை: வணிகச் செயலிகளை விரைந்து உருவாக்கும் ‘ஃபிராப்பே’ சட்டகம்

வெதுருகுப்பம்: சித்தூர் மாவட்டத்தில் மாம்பழப் பருவம் தொடங்கிவிட்டால், மாங்கூழ் ஆலைகளின் வாயில்களில் டிராக்டர்களும் லாரிகளும் வரிசைகட்டி நிற்பது வழக்கம். 2025-ஆம் ஆண்டில் தோத்தாபுரி மாம்பழத்தின் விலை சரிந்தபோது, ஆந்திரப் பிரதேச அரசு கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்க வழிவகை செய்தது. அதில் 8 ரூபாயை ஆலைகளும், 4 ரூபாயை அரசும் வழங்குவதாக அறிவிக்கப்பட்டது.

இத்தகைய ஏற்பாட்டில், எந்த விவசாயி, எந்த நாளில், எத்தனை கிலோ பழத்தை, எந்த ஆலைக்கு அளித்தார் என்ற பதிவே அவருக்குச் சேர வேண்டிய தொகையை நிர்ணயிக்கிறது. எடைச் சீட்டில் ஓர் எண் பிழையானாலும் இழப்பு விவசாயிக்கே. இதுபோன்ற பதிவுகளை உலாவி வழியாகக் கையாளும் செயலிகளைக் குறைந்த காலத்தில் உருவாக்க உதவும் மென்பொருள் அடித்தளங்களுள் ஒன்று, இந்தியாவில் உருவான ‘ஃபிராப்பே’ சட்டகம்.

தோற்றமும் வளர்ச்சியும்

வணிகத் தரவுகளைக் கணினியில் சேமிக்க டிபேஸ், ஃபாக்ஸ்புரோ, மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் போன்ற மென்பொருள்கள் முன்பு பரவலாகப் பயன்பட்டன. இணையம் வளர்ந்த பின்னர் 2004-இல் ரூபி ஆன் ரெயில்ஸ், 2005-இல் ஜாங்கோ ஆகிய சட்டகங்கள் வெளிவந்து, இணையச் செயலிகளை எழுதும் உழைப்பைக் குறைத்தன.

இந்தியாவில், மும்பையைச் சேர்ந்த ருஷப் மேத்தா 2008-இல் தொடங்கிய நிறுவனம் ‘இ.ஆர்.பி.நெக்ஸ்ட்’ என்ற நிறுவன மேலாண்மை மென்பொருளை உருவாக்கியது. கணக்கு, சரக்கிருப்பு, கொள்முதல், ஊதியம் ஆகியவற்றைக் கையாளும் அந்த மென்பொருளின் அடித்தளமே ஃபிராப்பே சட்டகம். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய நிரல் மொழிகளில் எழுதப்பட்ட இது, மரியாடிபி தரவுத்தளத்துடன் இயங்குகிறது. பங்கு வணிகச் சேவை நிறுவனமான ஜெரோதா, தனது உள் பணிகளுக்கு இ.ஆர்.பி.நெக்ஸ்ட்டைப் பயன்படுத்தி வருகிறது.

செயல்படும் விதம்

இச்சட்டகத்தின் மையக் கருத்து ‘டாக்டைப்’ எனப்படும் ஆவண வகை. எடுத்துக்காட்டாக, ஒரு மாங்கூழ் ஆலைக்கான செயலியில் ‘விவசாயி’, ‘எடைச் சீட்டு’, ‘பணப் பட்டுவாடா’ என மூன்று ஆவண வகைகளை வரையறுக்கலாம். எடைச் சீட்டில் நாள், வாகன எண், நிறைவண்டி எடை, வெற்றுவண்டி எடை, நிகர எடை ஆகிய புலங்களைச் சேர்த்துச் சேமித்தால், அதற்குரிய தரவு அட்டவணை, உள்ளீட்டுப் படிவம், பட்டியல் பக்கம், பிற மென்பொருள்கள் தரவைப் பெறுவதற்கான இணைப்பு வழி ஆகிய அனைத்தையும் சட்டகமே உருவாக்கிவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே நிரல் எழுத வேண்டியதில்லை.

எடைச் சீட்டிலிருந்து விவசாயியின் பதிவுக்கு இணைப்பு ஏற்படுத்தலாம். நிகர எடையைக் கணக்கிடுவது போன்ற விதிகளுக்கு மட்டும் சில வரிகள் நிரல் போதுமானது. எடை மேடை ஊழியர் சீட்டைப் பதியலாம், கணக்கர் தொகையை அளிக்கலாம், மேலாளர் ஒப்புதல் தரலாம் எனப் பொறுப்புக்கேற்ப அனுமதிகளையும் பிரித்து வழங்க இயலும். தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளுக்கான இடைமுக மொழிபெயர்ப்புகளும் உள்ளன.

திருத்தத்தின் தடம்

விவசாயியின் பார்வையில் முக்கியமானது வேறொரு வசதி. ஓர் ஆவண வகையை ‘சமர்ப்பிக்கத்தக்கது’ என வரையறுத்தால், அதன் பதிவுகள் வரைவு, சமர்ப்பிக்கப்பட்டது, ரத்து செய்யப்பட்டது என மூன்று நிலைகளைக் கொண்டிருக்கும். சமர்ப்பித்த சீட்டின் எடையை அதன்மேலேயே மாற்றி எழுத முடியாது. பழைய சீட்டை ரத்து செய்து, திருத்திய புதிய சீட்டை உருவாக்க வேண்டும். புதிய சீட்டு எந்தச் சீட்டின் திருத்தம் என்பதும் பதிவாகிறது. கணக்கேட்டில் தவறான வரியை அழிக்காமல் கோடிட்டு அடித்து, அதன்கீழ்ச் சரியான வரியை எழுதும் பழைய கணக்குப்பிள்ளையின் ஒழுங்குக்கு இது ஒப்பானது.

எனினும், தரவுத்தளத்தையே நேரடியாக அணுகும் அதிகாரம் பெற்றவர் இத்தடையைக் கடந்துவிட முடியும். எடை மேடையிலேயே பிழை நேர்ந்தால் மென்பொருள் அதனை அறியாது. எனவே அச்சிட்ட சீட்டின் ஒரு படி விவசாயியின் கையில் இருப்பது இன்றியமையாதது.

யாருடைய தரவு?

இதே தேவைக்குத் தமிழ்நாட்டில் வேரூன்றிய மாற்று வழியும் உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோ நிறுவனம், 2006-இல் ‘சோஹோ கிரியேட்டர்’ என்ற சேவையை அறிமுகப்படுத்தியது. ‘டெலூஜ்’ என்ற எளிய நிரல் மொழியுடன் இயங்கும் இச்சேவையில், பயனர் சொந்தமாகச் சர்வரைப் பராமரிக்க வேண்டியதில்லை. சந்தா செலுத்தினால் போதும். தென்காசி அருகே கிராமப்புறத்தில் அலுவலகம் அமைத்த அந்நிறுவனம், திருப்பதியை அடுத்த ரேணிகுண்டாவிலும் இயங்குகிறது.

ஃபிராப்பே சட்டகமோ எம்.ஐ.டி. உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்ட திறமூல மென்பொருள். உரிமக் கட்டணமின்றி எவரும் பயன்படுத்தலாம், மாற்றியமைக்கலாம். ஆனால் லினக்ஸ் சர்வரை நிறுவிப் பராமரிப்பது, காப்புப் படி எடுப்பது, புதிய பதிப்புகளுக்கு மாறுவது ஆகிய பொறுப்புகள் பயன்படுத்துவோரைச் சேரும். அதற்கான ஆள் இல்லாத சிறு நிறுவனங்களுக்குக் கட்டணச் சர்வர் சேவையும் உள்ளது.

ஆகவே சிறு ஆலைகள், கூட்டுறவுச் சங்கங்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஆகியவை எதைத் தேர்ந்தெடுப்பதாயினும், மூன்று கேள்விகளுக்கு விடை காண்பது நலம்: தரவு எங்கே சேமிக்கப்படுகிறது? சேவையை நிறுத்தினால் முழுத் தரவையும் வெளியே எடுக்க இயலுமா? செயலியை உருவாக்கியவர் விலகிவிட்டால் வேறொருவர் அதனைத் தொடர முடியுமா? பருவம் முடிந்து பல மாதங்கள் கழித்துத் தனது தொகையைக் கேட்டு வரும் விவசாயிக்குப் பழைய எடைச் சீட்டைக் காட்ட முடிவதும் முடியாததும், இவற்றின் விடைகளையே பொறுத்தது.